சென்னிமலைப் போர்வைக் கடைப் பக்கம்: டேபிள், ஃப்ளோட், ஃப்ளெக்ஸ், கிரிட் – எதுல அடுக்கறதுங்க?

தறிவீட்டுப்பொண்ணு (சென்னிமலை)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

எங்கப்பா சென்னிமலையில கைத்தறிப் போர்வை, மேட், துண்டு, கூடவே பவானி ஜமுக்காளமும் வச்சு யாவாரம் பண்றாருங்க. கடைக்கு ஒரு இணையப் பக்கம் இருக்குது. பல வருசத்துக்கு முந்தி ஈரோட்டுல ஒருத்தர் போட்டுக் குடுத்தது. பக்கம் பூராவும் டேபிள், டேபிளுக்குள்ள இன்னொரு டேபிள். கம்ப்யூட்டர்ல தொறந்தா சரியாத்தான் இருக்கும். போன்ல தொறந்தா எழுத்து கண்ணுக்கே தெரியாது, ரெண்டு விரல்ல விரிச்சு விரிச்சுப் படிக்கணும். இப்ப எங்களுக்கு வர்ற விசாரணை எல்லாம் போன்ல இருந்துதான். அதனால நானே புதுசா எழுதிப்போடலாம்னு உக்காந்திருக்கேன். பக்கத்துல என்ன இருக்குதுன்னு சொல்ற எச்டிஎம்எல், அது எப்படித் தெரியணும்னு சொல்ற சிஎஸ்எஸ், ரெண்டும் அடிப்படை தெரியும். படிச்சது பி.காம், இது நானாக் கத்துக்கிட்டது.

பக்கத்துல வரவேண்டியது இதுதானுங்க. மேல கடைப் பேரும் நாலஞ்சு இணைப்பும். அதுக்குக் கீழ சரக்குப் படங்க, முப்பது நாப்பது இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் பேரு, அளவு, விலை, வாட்ஸ்அப்ல கேக்கறதுக்கு ஒரு பட்டன். அப்புறம் மொத்த விலைப் பட்டியல்: 60×90, 90×100 அங்குலம்னு அளவு ஒரு பக்கம், 10, 50, 100 உருப்படின்னு எண்ணிக்கை ஒரு பக்கம். ஓரமா முகவரி, போன், கடை நேரம். கடைசியா, எப்படி நெய்யறோம்னு அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதின கொஞ்சம் எழுத்து, பக்கத்துல ஒரு தறிப் படம்.

பக்கத்தை எந்த சிஎஸ்எஸ் முறையில அடுக்கறதுன்னு கேட்ட எடத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஃப்ளோட்டே போதும்ங்கறாங்க, ஃப்ளெக்ஸ் இருக்கறப்ப வேற எதுக்குங்கறாங்க, கிரிட் இல்லாம இன்னைக்கு எவன் எழுதறான்ங்கறாங்க. எது பெருசுங்கற பேச்சு எனக்கு வேண்டாமுங்க. இந்தப் பக்கத்துல எதை எங்க வைக்கறது, ஏன் அங்க வைக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு இழை பிசகாம நெய்த சரக்கு போன்ல கோணலா நிக்கறதைப் பாத்தா மனசு தாங்கறதில்லீங்க.

இன்னொண்ணு. “மொத்தவிற்பனையாளர்களுக்கு” மாதிரி நீளமான சொல்லு வந்தா பெட்டியை விட்டு வெளிய துருத்திக்கிட்டு நிக்குது. அதுக்கும் வழி சொல்லுங்க.

பின்னலூர்க்காரன் (திருப்பூர்)

நான் பனியன் கம்பெனிகளுக்குப் பக்கம் போட்டுத் தர்றவன். என் யோசனை பூட்ஸ்ட்ராப், முன்னாடியே எழுதி வச்ச சிஎஸ்எஸ் தொகுப்பு. 2011ல ட்விட்டர்ல வேலை பாத்தவங்க வெளியிட்டது, இன்னைக்கு வரைக்கும் நிக்குது. பக்கத்தை 12 பாகமாப் பிரிச்சு வச்சிருப்பாங்க. போன்ல ஆறு ஆறா ரெண்டு, கம்ப்யூட்டர்ல மூணு மூணா நாலுன்னு கிளாஸ் பேரு போட்டா வேலை முடிஞ்சுது. பொத்தான், மெனு எல்லாம் கூடவே வந்துரும். நாளைக்கு வேற ஆளு வந்து கோடைத் தொறந்தாலும் அவருக்கும் பழக்கமானதா இருக்கும். எங்க ஆபீஸ்ல அஞ்சாறு பேரு ஒரே பக்கத்துல கை வைக்கறோம், எல்லாருக்கும் ஒரே மொழி வேணும்ல. அதுக்காகத்தான் சொல்றேன்.

தடப்பள்ளிக்கரை (கோபிசெட்டிபாளையம்)

அம்மிணி, என்னென்ன வரும்னு மொதல்ல எழுதிட்டு அப்புறம் முறையைத் தேடறீங்க. அதுதான் சரியான வரிசை.

நான் டேபிள் காலத்துல இருந்து இந்த வேலையில இருக்கறவன். எது எதுக்காக வந்துச்சுன்னு சித்த சொல்லிப்போடறேன், அது தெரிஞ்சா எதை எங்க வைக்கறதுங்கறது தானா வெளங்கும். டேபிள் கணக்கு காட்ட வந்தது. 1990கள்ல பக்கத்தை அடுக்க வேற வழி இல்லாததால அதையே சட்டமா வச்சுக்கிட்டாங்க. 1996 டிசம்பர்ல சிஎஸ்எஸ் முதல் பதிப்பு வந்தப்பவே அதுல ஃப்ளோட் இருந்துச்சு, ஆனா அது படத்தைச் சுத்தி எழுத்து ஓடறதுக்கு. அதை வச்சு மூணு நெடுவரிசைப் பக்கம் கட்டுனது எங்க தலைமுறை. வெளிப்பெட்டி உயரம் இல்லாமப் படுத்துக்கும், அதுக்கு கிளியர்ஃபிக்ஸ்னு ஒரு ஒட்டு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 ஓர இடைவெளியை ரெண்டு மடங்காக்கும், அதுக்கு இன்னொரு ஒட்டு. ஃப்ளெக்ஸ் ஒரே திசையில பொருளை அடுக்கறதுக்குன்னே பொறந்தது. 2009ல முதல் வரைவு வந்து, எழுதற முறை மாறி மாறி, அப்புறம்தான் நெலைச்சுது. கிரிட் மைக்ரோசாஃப்ட்காரங்க முன்னெடுத்தது. 2017 மார்ச்ல குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூணுலயும் ஒட்டுக்கா வந்துச்சு. குறுக்கும் நெடுக்கும் சேர்த்துப் பக்கம் அடுக்கறதுக்குன்னு முழுசா வடிவமைச்சது அதுதான்.

எந்தப் பெட்டியை எழுதறதுக்கு முன்னாலயும் நான் ஒரு கேள்வி கேட்டுக்குவேன். இங்க அகலத்தை முடிவு பண்றது யாரு? உள்ள இருக்கற எழுத்தும் படமுமா, இல்ல வெளிய நீங்க போடற கட்டமா? உள்ள இருக்கறது முடிவு பண்ணட்டும்னா ஃப்ளெக்ஸ். நீங்க முடிவு பண்ணணும்னா கிரிட். உங்க வீட்டுத் தறியில பாவு ஓட்டியாச்சுன்னா துணியோட அகலம் அப்பவே முடிவாயிடுது, ஊடை அதுக்குள்ளதான் போயாகணும். கிரிட் அந்த மாதிரி.

இதை உங்க பக்கத்துக்கு வச்சுப் பாருங்க. மேல இருக்கற கடைப் பேரும் இணைப்புகளும் ஃப்ளெக்ஸ். “முகப்பு” சின்ன சொல்லு, “மொத்த விலை” கொஞ்சம் பெருசு. அதது தன் அகலத்துக்கு நிக்கட்டும், எடம் பத்தலைன்னா அடுத்த வரிக்கு எறங்கட்டும். ஃப்ளெக்ஸ்-ரேப் போட்டு, கேப் 12 பிக்சல் வச்சா முடிஞ்சுது. ஃப்ளெக்ஸ்ல கேப் எல்லாப் பெரிய உலாவியிலயும் வேலை செய்ய ஆரம்பிச்சது 2021ல சஃபாரி 14.1 வந்த பொறவுதான். வாடிக்கையாளர்ல பழைய ஐபோன்காரங்க எச்சா இருந்தா மார்ஜின் போட்டுக்கோங்க.

சரக்குப் படங்களுக்குக் கிரிட். இதுல நீங்க கட்டம் போடணும், போர்வை எல்லாம் ஒரே அகலத்துல நிக்கணும். இங்க வாசிக்கறதுக்காகத் தமிழ் எழுத்துல போடறேன், அடிக்கறப்ப ஆங்கிலத்துல அடிச்சுக்கோங்க:

டிஸ்ப்ளே: கிரிட்;
கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ்: ரிப்பீட்(ஆட்டோ-ஃபில், மின்மேக்ஸ்(160பிஎக்ஸ், 1எஃப்ஆர்));
கேப்: 8பிஎக்ஸ்;

மின்மேக்ஸ்னா கொறஞ்சது 160 பிக்சல், எடம் மிச்சம் இருந்தா சமபங்கு (1எஃப்ஆர்) வரைக்கும் விரியலாம்னு அர்த்தம். ஏன் 160? நெறைய ஆண்ட்ராய்டு போன்ல பக்க அகலம் 360. ரெண்டு ஓரத்துலயும் 16 விட்டா மிச்சம் 328. 160, 160, நடுவுல 8 – கணக்கு நேர். போன்ல ரெண்டு ரெண்டா நிக்கும், டேப்லெட்ல நாலு, பெரிய திரையில அதுக்கு மேல. இதுக்குத் திரை அகலத்தைப் பாத்து விதி மாத்தற மீடியா குவெரி ஒண்ணு கூட எழுத வேண்டாம். ஃப்ளெக்ஸ்ல இதைப் பண்ணிப் படங்களை எடம் நெறையற மாதிரி விரியச் சொன்னா, கடைசி வரிசையில ஒரே ஒரு துண்டு மிச்சம் இருக்கறப்ப அது திரை முழுக்க விரிஞ்சு நிக்கும். உங்க சரக்குலயே விலை கொறஞ்சது பெருசாத் தெரியும். ஆட்டோ-ஃபில்லுக்கும் ஆட்டோ-ஃபிட்டுக்கும் வித்தியாசம் இதுலதான் இருக்குது. ஃபில் காலி எடத்தைக் காலியாவே வச்சிருக்கும், ஃபிட் காலி நெடுவரிசையைச் சுருட்டிப்போட்டு இருக்கறதை விரிச்சுரும். தேடுன பொருள் ரெண்டே ரெண்டு காட்டற பக்கத்துல இந்த வித்தியாசம் பளிச்சுனு தெரியும். கடைக்கு எப்பவும் ஃபில்.

மொத்தப் பக்கத்துக்கும் வெளிச்சட்டமா இன்னொரு கிரிட். இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விசயம் ஒண்ணு இருக்குது. கிரிட்-டெம்ப்ளேட்-ஏரியாஸ்ல எடத்துக்கு வைக்கற பேரைத் தமிழ்லயே எழுதலாம். ஃபைலை யூடிஎஃப்-8ல சேமிச்சாப் போதும்.

“தலை தலை”
“சரக்கு முகவரி”
“விலை முகவரி”
“கதை கதை”

700 பிக்சலுக்கு மேல இப்படி. போனுக்குத் தலை, சரக்கு, விலை, முகவரி, கதைன்னு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. கோடைத் தொறந்தா பக்கம் எப்படி இருக்கும்னு எழுத்துலயே தெரியும். உங்கப்பாவுக்கே காட்டலாம், அவருக்கும் புரியும்.

விலைப் பட்டியலுக்கு டேபிள்தான், அதுல ரெண்டாவது பேச்சே இல்லை. அளவு ஒரு பக்கம், எண்ணிக்கை ஒரு பக்கம், நடுவுல விலை: அது நெசமான அட்டவணை. டேபிள் பழசுன்னு சொல்லி அதையும் டிவ்வா, அதாவது வெறும் பெட்டிகளா, ஒடைக்கறவங்களைப் பாக்கறேன், வேண்டாத வேலை. போன்ல அகலம் பத்தலைன்னா டேபிளைச் சுத்தி ஒரு பெட்டி போட்டு ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ குடுங்க. பக்கம் நகராது, பட்டியல் மட்டும் விரல்ல நகரும்.

கதையில தறிப் படத்துக்கு ஃப்ளோட். அது பொறந்ததே இதுக்குத்தான். ஆனா 500 பிக்சலுக்குக் கீழ ஃப்ளோட்டை எடுத்துருங்க. தமிழ்ச் சொல்லு நீளம். படம் பாதி எடத்தைப் புடிச்சுக்கிச்சுன்னா மிச்ச எடத்துல வரிக்கு ஒரு சொல்லு, ரெண்டு சொல்லுன்னு தொங்கும்.

துருத்தற சொல்லுக்குக் காரணம் இது. ஃப்ளெக்ஸ்லயும், வெறும் 1எஃப்ஆர் போட்ட கிரிட்லயும் ஒரு பெட்டி தனக்குள்ள இருக்கற நீளமான சொல்லை விடச் சின்னதாச் சுருங்காது. மின்-விட்த், அதாவது கொறைஞ்சபட்ச அகலம், அங்க ஆட்டோன்னு இருக்கறதால வர்ற வெனை. ஃப்ளெக்ஸ்னா அந்தப் பெட்டிக்கு மின்-விட்த்: 0 குடுங்க, கிரிட்னா மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)னு எழுதுங்க. பெட்டி அடங்கிரும். சொல்லையும் அடக்கணும்னா ஓவர்ஃப்ளோ-ரேப்: எனிவேர் இருக்குது. ஆனா அது எடம் முடியற எடத்துல வெட்டும், “க்கு” மட்டும் அடுத்த வரித் தலையில வந்து நிக்கும். பார்க்க நல்லா இருக்காது. மொதல்ல “மொத்த விற்பனையாளர்களுக்கு”ன்னு பிரிச்சு எழுதுங்க. அப்பவும் நீளம்னா “விற்பனையாளர்”க்குப் பொறவு டபிள்யூபிஆர் டேக் ஒண்ணு போட்டுருங்க. எடம் இருந்தா ஒட்டி நிக்கும், இல்லைன்னா நீங்க சொன்ன எடத்துல மடங்கும். வரி உயரம் 1.6க்குக் கொறையாம வைங்க. மேல விசிறியும் கீழ சுழியுமா வர்ற எழுத்துக்கு மூச்சு விட எடம் வேணும்.

பின்னலூர்த் தம்பி சொன்னதுல நாயம் இருக்குது. பல கை பட்டு ஓடற வேலைக்குப் பொது மொழி வேணும், பூட்ஸ்ட்ராப் அங்க நல்ல தேர்வு. நாலாம் பதிப்புல இருந்து அதோட 12 பாகமும் உள்ளுக்குள்ள ஃப்ளெக்ஸ்தான். ஆனா இவங்க ஒருத்தரே எழுதி ஒருத்தரே பாத்துக்கப் போறாங்க. மேல சொன்னதெல்லாம் சேர்த்தா ஒரு திரைக்குள்ள அடங்கற சிஎஸ்எஸ். அதுக்கு அத்தனை பெரிய ஃபைலை வாடிக்கையாளர் போன்ல எறக்க வேண்டாம்ங்கறது என் தீர்மானமான கருத்து.

பின்னலூர்க்காரன் (திருப்பூர்)

ஒத்துக்கறேனுங்கண்ணா, ஒரு ஆள் வேலைன்னா நீங்க சொல்றதே சரி. ஒரு சந்தேகம். கிரிட் தெரியாத பழைய போன்ல தொறந்தா என்ன ஆகும்?

தடப்பள்ளிக்கரை (கோபிசெட்டிபாளையம்)

தெரியாத வரியை உலாவி தாண்டிப் போயிரும் தம்பி. எல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நிக்கும். போனுக்கு அது போதும், சரக்கும் தெரியும் விலையும் தெரியும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11ஐ மைக்ரோசாஃப்ட்டே 2022 ஜூன்ல நிறுத்திட்டாங்க, அதுக்காகத் தனியா எழுத வேண்டியதில்லை.

தறிவீட்டுப்பொண்ணு (சென்னிமலை)

ரொம்ப நன்றிங்கண்ணா. நேத்து செவ்வாய்க்கிழமை, அப்பா கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்கு ஈரோடு போயிட்டாரு. கடையில கூட்டம் இல்லை, உக்காந்து எழுதிப்போட்டேன். போன்ல ரெண்டு ரெண்டா அப்படியே நேரா நிக்குதுங்க. தமிழ்ல எடத்துக்குப் பேரு வச்சதை அப்பா கிட்டக் காட்டினேன். “சரக்குக்குப் பக்கத்துல முகவரி, சரி”ன்னு விரல் வச்சுப் படிச்சாரு.

ரெண்டு எடத்துல நிக்கறேன். ஒண்ணு, சில போர்வைக்குப் பேரு ஒரு வரி, சிலதுக்கு மூணு வரி. “இரட்டைக் கட்டில் பூவேலைப் போர்வை, தலையணை உறையுடன்”னு வரும். அதனால விலையும் பொத்தானும் ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு ஏறி எறங்கி நிக்குது. ரெண்டு, மொத்த யாவாரிகளுக்காக விலைப் பட்டியலை எல்லாத்துக்கும் மேல காட்டணும்ங்கறாரு அப்பா. சிஎஸ்எஸ்ல ஆர்டர்: -1னு போட்டேன், மேல வந்துருச்சு. இது சரிதானுங்களா?

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

ரெண்டாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்றேன் தங்கச்சி. எனக்குப் பார்வை இல்லை. கம்ப்யூட்டர்ல என்விடிஏ, போன்ல டாக்பேக்னு திரையை வாசிச்சுச் சொல்ற மென்பொருள் வச்சுத்தான் எல்லாம் படிக்கறேன். இந்த இழையையும் அப்படித்தான் கேட்டேன்.

ஆர்டர் போட்டா மாறுறது கண்ணுக்குத் தெரியற வரிசை மட்டும்தான். எச்டிஎம்எல்ல எது முதல்ல இருக்கோ அதைத்தான் எனக்குப் படிச்சுக் காட்டும். டேப் கீயும் அதே வழியிலதான் போகும். நீங்க விலைப் பட்டியலை மேல வச்சிருப்பீங்க, நான் நாப்பது போர்வையையும் நாப்பது பொத்தானையும் தாண்டி அப்புறம்தான் அங்க வந்து சேருவேன். பார்வை இருந்தும் மவுஸ் புடிக்க முடியாம கீபோர்டுல போறவங்களுக்கு இன்னும் சிரமம், வெளிச்சம் திரையில மேலயும் கீழயும் தாவும். விலை முக்கியம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா எச்டிஎம்எல்லயே அதை மேல தூக்கி வைங்க. கிரிட்ல ஏரியா பேரு போடறப்பவும் இதே எச்சரிக்கை வேணும். வரிசை மொதல்ல எச்டிஎம்எல்ல சரியா இருக்கணும்.

உங்க பழைய பக்கம் மாதிரி டேபிளுக்குள்ள டேபிள் வச்ச பக்கத்துல நுழைஞ்சா, விசயத்துக்கு முன்னால “வரிசை 3, நெடுவரிசை 2”ன்னு எனக்குப் படிச்சுக்கிட்டே இருக்கும். பொருள் இல்லாத எண்ணு. அதே டேபிள் நெசமான விலைப் பட்டியல்ல இருந்தா அதை விடப் பெரிய உதவி வேற இல்லை. தலைப்புக் கட்டங்களுக்கு டிஎச் டேக் போட்டு, அது வரிசைக்கா நெடுவரிசைக்கான்னு ஸ்கோப்ல சொல்லிருங்க. ஒரு விலை மேல போய் நின்னா “90க்கு 100, 50 உருப்படி”ன்னு அதோட தலைப்பும் சேர்ந்து கேக்கும். டிவ்வுல கட்டுன பட்டியல்ல வெறும் எண்ணுதான் கேக்கும், எந்த அளவுக்கு எந்த விலைன்னு நான் மனசுல எண்ணிக்கிட்டே போகணும்.

என் கூட வேலை பாக்கறவருக்குப் பார்வை குறைவு. 400 சதவீதம் பெருசாக்கித்தான் படிப்பார். 1280 அகலத் திரை அப்ப அவருக்கு 320ஆ சுருங்கிரும். அந்த 320ல பக்கம் குறுக்கே நகராம அடங்கணும்ங்கறது 2018ல வந்த டபிள்யூசிஏஜி 2.1ங்கற இணைய அணுகல் விதியிலயே இருக்கு. தடப்பள்ளிக்கரை அண்ணன் சொன்ன 160 கணக்குல 320க்கு என்ன ஆகும்னு பாருங்க: ஓரம் போக 288, ரெண்டு அடங்காது, ஒண்ணாயிரும். அது நல்லதுதான், எழுத்து நசுங்காது.

தடப்பள்ளிக்கரை (கோபிசெட்டிபாளையம்)

பொள்ளாச்சி அண்ணன் சொன்னதை அப்படியே செய்யுங்க அம்மிணி. அந்த ஆர்டர் வரியை இன்னைக்கே எடுத்துருங்க.

விலை ஏறி எறங்கி நிக்கறதுக்கு ரெண்டு வழி இருக்குது. கிரிட்ல ஒரே வரிசையில இருக்கற அட்டைங்க (ஒரு சரக்கோட படம், பேரு, விலை சேர்ந்த பெட்டி) எல்லாம் தானாவே ஒரே உயரத்துக்கு நீளும். அதனால ஒவ்வொரு அட்டையையும் மேலிருந்து கீழ போற ஃப்ளெக்ஸ் ஆக்கிட்டு, விலைக்கு மார்ஜின்-டாப்: ஆட்டோ குடுங்க. பேரு எத்தனை வரி ஆனாலும் மிச்ச எடம் பேருக்கும் விலைக்கும் நடுவுல போயிரும், விலையும் பொத்தானும் அடியில ஒரே கோட்டுல நிக்கும். வெளிய கிரிட், உள்ள ஃப்ளெக்ஸ். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பகையில்லை, நல்ல பக்கம் எல்லாத்துலயும் ஒட்டுக்காத்தான் இருக்கும்.

இன்னொரு வழி சப்கிரிட். அட்டைக்குள்ள இருக்கற படம், பேரு, அளவு, விலை எல்லாமே பக்கத்து அட்டையோட வரிசைக்கு வரிசை நேர் நிக்கும். ஃபயர்ஃபாக்ஸ்ல 2019லயே வந்துருச்சு. குரோம்ல வந்தது 2023 செப்டம்பர்ல, 117ஆம் பதிப்புல. உங்களுக்கு விலை மட்டும் நேரா நின்னாப் போதும்னா முதல் வழியே போதும். அளவும் நேரா நிக்கணும்னு தோணுச்சுன்னா அப்ப சப்கிரிட்டுக்கு வாங்க.

எது எங்க நிக்குதுன்னு புரியலைன்னா ஃபயர்ஃபாக்ஸ்லயோ குரோம்லயோ இன்ஸ்பெக்ட் தொறந்து, அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல இருக்கற “கிரிட்”ங்கற சின்னப் பட்டையைத் தட்டுங்க. கோடெல்லாம் பக்கத்து மேலயே வரைஞ்சு காட்டும்.

தறிவீட்டுப்பொண்ணு (சென்னிமலை)

விலையைத் தூக்கி எச்டிஎம்எல்லயே சரக்குக்கு முன்னால வச்சுட்டேனுங்க. ஏரியா பேரையும் அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திட்டேன். டிஎச், ஸ்கோப் போட்டாச்சு. மார்ஜின்-டாப்: ஆட்டோ ஒரே வரி, எல்லா விலையும் நேரா வந்து நின்னுருச்சு. பொள்ளாச்சி அண்ணா, பக்கம் ஏத்தினதும் இணைப்பு அனுப்பறேன், கேட்டுப் பார்த்து எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க.

கடைசியா ஒண்ணு. தீபாவளி நோம்பிக்கு முந்தி வடக்க இருக்கற மொத்த யாவாரிகளுக்கு இந்த விலைப் பட்டியலையும் பத்துப் படத்தையும் ஈமெயில்ல அனுப்புவோம். இதே கிரிட் கோடை அதுல ஒட்டிரலாமுங்களா? அவங்க ஆபீஸ்ல எல்லாம் அவுட்லுக்.

தடப்பள்ளிக்கரை (கோபிசெட்டிபாளையம்)

ஒட்டாதீங்க. விண்டோஸ்ல இருக்கற பழைய வகை அவுட்லுக், 2007ஆம் பதிப்புல இருந்தே மெயிலை வேர்டு எஞ்சின்லதான் வரையுது. அதுக்கு ஃப்ளெக்ஸும் தெரியாது, கிரிட்டும் தெரியாது. மெயில்ல மட்டும் இன்னைக்கும் டேபிள்தான். 600 பிக்சல் அகலத்துல ஒரு டேபிள், படத்துக்கு வரிசைக்கு ரெண்டு. சிஎஸ்எஸ் எல்லாத்தையும் அந்தந்த டேக்குக்குள்ள ஸ்டைல்னு எழுதிருங்க. அடுக்கறதுக்குப் போட்ட டேபிளுக்கு ரோல்: பிரசன்டேஷன் போடுங்க, பொள்ளாச்சி அண்ணன் மாதிரி இருக்கறவங்களுக்கு வரிசை எண்ணு படிச்சுத் தொல்லை பண்ணாது. விலைப் பட்டியல் டேபிளுக்கு அதைப் போடக் கூடாது, அது நெசமான டேபிள். விலையைப் படமாப் புடிச்சு அனுப்ப வேண்டாம், எழுத்தாவே இருக்கட்டும். நெறைய ஆபீஸ்ல படம் தானாத் தொறக்காது, விலை மட்டுமாவது கண்ணுல படும். அனுப்பறதுக்கு முன்னால அவுட்லுக் இருக்கற ஒரு கம்ப்யூட்டருக்கு நீங்களே ஒண்ணு அனுப்பிப் பாத்துக்கோங்க.